கையெலும்பு: கேளுங்கள், சொல்கிறேன்

கிளிநொச்சிப் பக்கம் கனகாலம் எக்ஸ்ரே எடுத்த ஆள் நான். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

மாங்குளம் தம்பி: கிரவல் ரோட்டில் சைக்கிள் சறுக்கி, கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரேயில் முறிவில்லையாம். பத்து நாளாகியும் மணிக்கட்டு நோகிறது.

பெருவிரலை நல்லா விரித்துப் பிடியுங்கள். அதன் அடியில், மணிக்கட்டோடு ஒரு குழி விழும். அதில் மற்றக் கைவிரலால் அமத்தும்போது சுள்ளென்று நோகிறதா? அப்படியென்றால் அங்கே இருக்கிற படகு மாதிரியான சின்ன எலும்பு வெடித்திருக்கலாம். மணிக்கட்டு எலும்பு எட்டிலும் அதிகம் முறிவது இதுதான், முதல் நாள் படத்தில் பிடிபடாமல் போவதும் இதுதான். பத்துப் பதினாலு நாள் கழித்து எடுத்தால் வெடித்த ஓரம் கரைந்து கோடு தெரியும். இதற்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்கத்தால் வருகிறது, அதனால் நடுவில் முறிந்தால் முழங்கைப் பக்கத்துத் துண்டு இரத்தமில்லாமல் செத்தே போகலாம். எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். நாளைக்கே போய்த் திரும்பப் படம் எடுங்கள்.

ஒரு அம்மா: மகளுக்குப் பாடம். ஒரு கையில் எத்தனை எலும்பு?

மேற்கையில் புயவென்பு 1, முன்கையில் ஆரையும் அரந்தியும் 2, மணிக்கட்டில் 8, உள்ளங்கையில் 5, விரல்களில் 14. மொத்தம் 30. பெருவிரலுக்கு மட்டும் இரண்டு, மற்றதுகளுக்கு மும்மூன்று. பிள்ளைகள் பிழை விடுவது இங்கேதான்.

வவுனியா: மூன்று வயது மகனைக் கையில் பிடித்துத் தூக்கிச் சுழற்றினோம். இப்போது கையைத் தூக்கமாட்டானாம், ஒரே அழுகை.

முழங்கையில் ஆரை எலும்பின் தலை, அதைச் சுற்றிய நார்வளையத்துக்குள் இருந்து நழுவியிருக்கும். நீங்களே இழுத்துப் பார்க்காதீர்கள். பழகின டொக்டர் ஒரு திருப்புத் திருப்பினால் சரி, கொஞ்ச நேரத்தில் அதே கையால் பிஸ்கட் கேட்பான். இனித் தூக்குவதென்றால் கக்கத்தில் பிடித்துத் தூக்குங்கள்.

புதுக்குடியிருப்பு அக்கா: 2009இல் பட்ட ஷெல் பீஸ் (குண்டுச் சிதறல்) முன்கையில் கிடக்கிறது. இப்போது தோளுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள்.

சொல்லாமல் உள்ளே போகவே வேண்டாம் அக்கா. அந்த மெஷின் ஒரு பெரிய காந்தம். உள்ளே கிடப்பது இரும்பென்றால் அசையலாம், சுடலாம். முதலில் சாதாரண எக்ஸ்ரே எடுத்து, நரம்புக்கும் இரத்தக் குழாய்க்கும் எவ்வளவு கிட்ட இருக்கிறதென்று பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள். இப்படிக் கைகள் எத்தனையோ எடுத்திருக்கிறேன், எலும்பை விட வெள்ளையாய் மினுங்கிக்கொண்டு கிடக்கும். பழைய படம் ஏதும் பெட்டிக்குள் இருந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.