நண்பனுக்காக அழுவது தன்னிரக்கமா?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்கு வயது 46. பள்ளி நாள்களிலிருந்து நாங்கள் நால்வர் ஒன்றாகவே இருந்தோம். எங்களில் ஒருவன் எட்டு மாதங்களுக்கு முன்பு மாரடைப்பால் இறந்துவிட்டான். நான் மறுநாளே வேலைக்குச் சென்றேன். மற்ற இருவரையும் இன்றும் சந்திக்கிறேன். குடிக்கிறோம், சிரிக்கிறோம், ஆனால் அவன் பெயரை மட்டும் யாரும் எடுப்பதில்லை.

சென்ற மாதம், ஜான் கசாவெட்டிஸ் இயக்கி 1970இல் வெளிவந்த ‘ஹஸ்பண்ட்ஸ்’ படத்தைப் பார்த்தேன். நண்பனின் இறுதிச் சடங்கிலிருந்து திரும்பும் மூன்று ஆண்கள் வீடு செல்லாமல் குடித்துத் திரிந்து, இறுதியில் லண்டன் வரை போய்விடுகிறார்கள். மதுக்கூடத்தில் எல்லோரும் மாறி மாறிப் பாடும் அந்த நீண்ட காட்சியில், எட்டு மாதங்களாக வராத அழுகை எனக்கு வந்தது. பிறகு விமர்சனங்களைத் தேடினேன். பாலின் கேல், ராஜர் ஈபர்ட் போன்ற பெரிய விமர்சகர்களுக்கே படம் பிடிக்கவில்லை. முதிராத ஆண்களின் தன்னிரக்கம் என்றே பலரும் கருதுவதாகத் தெரிந்தது. என் துக்கமும் அவ்வளவுதானா என்று அன்றிலிருந்து வெட்கமாக இருக்கிறது.

— ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

அதே படத்தை ‘டைம்’ இதழில் விமர்சகர் ஜே காக்ஸ் மிக உயர்வாகப் பாராட்டினார் என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். ஆனால் பாராட்டைக் காட்டிக் கண்டனத்தை அழிப்பது என் நோக்கம் அன்று. காட்சிகள் அளவுமீறி நீள்கின்றன என்ற குறையை நானும் ஓரளவு ஏற்கிறேன். அந்த மூவரும் பெண்களை நடத்தும் விதமும், ஒருவர் தம் மனைவியையே அடிப்பதும் கண்டிக்கப்பட்டதில் தவறே இல்லை. அவையெல்லாம் ஒரு கலைப்படைப்பின் மீதும் அதிலுள்ள மனிதர்களின் நடத்தையின் மீதும் சொல்லப்பட்ட தீர்ப்புகள். நண்பனை இழந்தவர் எவ்வளவு அழலாம் என்று அவற்றில் எவரும் வரையறுக்கவில்லை.

இருந்தும் அந்தச் சொற்கள் உங்களைத் தைத்தன. காரணம் உங்கள் கடிதத்திலேயே இருப்பதாக நினைக்கிறேன். மனைவி, மக்கள், பெற்றோர் ஆகியோரைத் துக்கத்திற்கு உரியவர்கள் என ஊர் அறிகிறது. நண்பனுக்கு அப்படி ஓர் இடம் இல்லை. ‘உரிமை மறுக்கப்பட்ட துக்கம்’ என்ற கருத்தைத் துக்கம் குறித்த ஆய்வாளர் கென்னத் டோகா 1989இல் தாம் பதிப்பித்த நூலில் விரிவாக முன்வைத்தார். இழப்பு உண்மையானதாக இருந்தும், சுற்றியுள்ளோர் அதை இழப்பாக ஏற்காதபோது, துக்கப்படுபவரே தம் துயரத்தைச் சந்தேகிக்கத் தொடங்கிவிடுகிறார். எட்டு மாதங்களாக உங்களுக்கு எவரும் ஆறுதல் சொல்லியிருக்கமாட்டார்கள். முதன்முதலில் கண்ணீர் வந்தபோது உங்கள் கண்ணில் பட்டது அந்த விமர்சனம்.

படத்தின் மூவரும் இறந்தவரைப் பற்றி நேராகப் பேசுவது மிகக் குறைவு என்பதைக் கவனித்தீர்களா? பாட்டும் சண்டையும் பயணமும் அந்தப் பேச்சின் இடத்தை எடுத்துக்கொள்கின்றன. உங்களை அழவைத்தது குடியும் கும்மாளமும் அன்று, உங்கள் மூவருக்குள் நிலவும் அதே மௌனம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மறுநாளே வேலைக்குச் சென்றதற்காகவும் நீங்கள் குற்றவுணர்வு கொள்ள வேண்டாம். இழந்தவர்கள் துயரத்திற்கும் அன்றாட அலுவலுக்கும் இடையே மாறி மாறி அசைவது இயல்பு என்று ஸ்ட்ரோப், ஷுட் ஆகிய ஆய்வாளர்கள் 1999இல் விளக்கினர். அலுவல் பக்கமே நெடுநாள் நின்றுவிட்டீர்கள், அவ்வளவே.

உறக்கமும் வேலையும் தொடர்ந்து குலைந்தாலோ, வாழவே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தாலோ, ஒரு நாளும் தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். அப்படி இல்லையென்றால், அடுத்த முறை மற்ற இருவரையும் மது இல்லாத ஓரிடத்தில், பகலில் சந்தித்து, இறந்த நண்பரின் பெயரை நீங்களே முதலில் சொல்லுங்கள். அவர்கள் பேச்சை மாற்றினால் கோபப்படாமல், மறுமுறையும் சொல்லுங்கள். அவருடைய குடும்பத்தினரையும் ஒருமுறை சென்று பாருங்கள். அவர்கள் அறியாத அவருடைய பள்ளிப் பருவம் உங்கள் மூவரிடம் மட்டுமே இருக்கிறது.