சீன தனியார் பள்ளியில புள்ளைய போடலாமான்னு கேட்ட திருச்சி தங்கச்சிக்கு

தங்கச்சி, உன் கேள்விய ரெண்டு தடவ படிச்சேன்மா. கல்யாணமாகி திருச்சியில இருந்து மலேசியாவுல கிள்ளானுக்கு வந்து எட்டு மாசம், பையனுக்கு அஞ்சு வயசு, பக்கத்துல உள்ள சீன பாலர் பள்ளிக்குப் போறான், மாமியார் சீன ஆரம்பப் பள்ளியில போட்டு அப்புறம் "டுசோங்"லயே, அதாவது சீனத்துல நடக்கற தனி இடைநிலைப் பள்ளியிலயே, முடிக்கணும்ங்கறாங்க, அது கவர்மெண்டா ப்ரைவேட்டா, சீனங்களுக்கு மட்டும்தானா, பையன் தமிழ மறந்துடுவானான்னு கேட்டிருக்க. நான் மதுரைப் பக்கம், கிள்ளானுக்கு வந்து இருபத்தி மூணு வருஷம் ஆச்சு, என் பெரியவன் டுசோங்ல ஆறு வருஷம் முழுசா படிச்சவன். அதனால எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

மொதல்ல ஒண்ணு. நம்ம ஊர் மெட்ரிக் ஸ்கூல் மாதிரி ஒரு முதலாளி நடத்துற ப்ரைவேட் ஸ்கூல்னு இத நினைச்சுடாத. கவர்மெண்ட் ஸ்கூலும் இல்ல. சீன சமூகமே கைக்காச போட்டு நடத்துற பள்ளிக்கூடம் இது. 1961ல கல்விச் சட்டம் வந்தப்போ சீன இடைநிலைப் பள்ளிங்க கிட்ட, இங்கிலீஷ் மீடியத்துக்கு மாறுங்க, மாறினா அரசாங்கம் காசு கொடுக்கும், மாறலன்னா உங்க பாட்ட நீங்களே பாத்துக்கங்கன்னு சொல்லிட்டாங்க. நிறைய பள்ளி மாறிடுச்சு. சில பள்ளிங்க மாட்டோம்னு நின்னுச்சு, மாறின சில இடத்துலயும் பக்கத்துலயே தனியா ஒண்ண ஆரம்பிச்சாங்க, அதான் ஒரே பேர்ல ரெண்டு பள்ளி சில ஊர்ல பாப்ப. இந்த மாதிரி பள்ளிங்க இன்னைக்கு நாடு முழுக்க அறுபது இருக்கு, அதுல சரவாக்குல மட்டும் 14, சபாவுல 9. நம்ம கிள்ளான்லயே நாலு இருக்கு, ஹின் ஹுவா, குவாங் ஹுவா, பின் ஹுவா, சுங் ஹுவா. ஜொகூர்ல ஃபூன் இயூதான் எல்லாத்துலயும் பெருசு, 1913ல ஆரம்பிச்சது.

லிம் லியான் கியோக்னு ஒருத்தர் பேர இங்க அடிக்கடி கேப்ப. கோலாலம்பூர்ல வாத்தியாரா இருந்தவர், சீன ஆசிரியர் சங்கத்துக்குத் தலைவர். இந்தச் சட்டத்த எதிர்த்துப் பேசினதுக்கு 1961ல அவரோட வாத்தியார் லைசென்ஸ பறிச்சாங்க, குடியுரிமையும் போச்சு. 1985 டிசம்பர் 18ல செத்துப் போனார். அவர "இனத்தோட ஆன்மா"ன்னு சொல்லுவாங்க, வருஷா வருஷம் டிசம்பர்ல நினைவு கூட்டம் நடக்கும். என் பையன் பதிமூணு வயசுல இவர் கதைய வீட்டுல வந்து சொன்னப்போ, சாப்பிட்டுட்டு இருந்த நான் அப்படியே கைய வெச்சுட்டு கேட்டேன். தாய்மொழியில படிக்க ஒரு மனுஷன் இவ்வளவு இழந்தாரான்னு.

காசு எங்க இருந்து வருதுன்னு கேப்பல்ல, அத ஒரு தடவ கண்ணால பாத்தாதான் புரியும். எங்க எதிர்வீட்டு அங்கிள், டயர் கடை வெச்சிருந்தவர், தவறிப்போயிட்டார். துக்கத்துக்கு வந்தவங்க எல்லாம் வெள்ளைக் கவர்ல காசு வெச்சு கொடுத்தாங்க. அடக்கம் முடிஞ்ச மறுநாள் அவர் மக எண்ணி பிரிச்சு, இது இந்தப் பள்ளிக்கு, இது அந்தப் பள்ளிக்குன்னு எழுதிட்டு இருந்தா. அவங்கள்ல நிறைய வீட்டுல இது பழக்கம், சீன பேப்பர்ல போட்டோவோட வரும். பள்ளிக்குள்ள போனா ஹால், நூலகம், வகுப்பு வாசல் எல்லாத்துலயும் கொடுத்தவங்க பேரு இருக்கும், அப்பா நினைவா, பாட்டி நினைவான்னு. பத்து பத்து பேர் உக்கார்ற மேசை போட்டு டின்னர் வெப்பாங்க, காப்பிக்கடைக்காரர் ஒரு நாள் வியாபாரத்த அப்படியே தூக்கிக் கொடுப்பார். ஒவ்வொரு புள்ளைக்கும் கூப்பன் புஸ்தகம் கொடுத்து விடுவாங்க, காசு சேக்க பள்ளியில நடத்தற சந்தைக்கு நாம வித்துக் கொடுக்கணும். மொத வருஷம் நான் லிட்டில் இந்தியா கடை கடையா ஏறி இறங்கி வித்தேன், சந்தை அன்னைக்கு விடியக்காலையில எந்திரிச்சு நானூறு வடை சுட்டு கொண்டு போனேன், பத்தரை மணிக்கெல்லாம் தீந்துபோச்சு.

படிப்பு பத்தி சொல்லணும்னா ஆறு வருஷம், கீழ்நிலை மூணு, மேல்நிலை மூணு. யூஇசின்னு ஒரு பரீட்சை, டோங் சோங்ங்கற சீனப் பள்ளி வாரியங்களோட சங்கம் 1975ல இருந்து நடத்துது, பாடப் புஸ்தகமும் அவங்களே போடறாங்க. சீனம், மலாய், இங்கிலீஷ் மூணும் உண்டு, ஆனா கணக்கு சயின்ஸ் எல்லாம் பெரும்பாலும் சீனத்துலதான். ஆரம்பப் பள்ளி சீனத்துல படிக்காம நேரா இங்க வந்தா புள்ள தவிச்சுப் போயிடும், உன் மாமியார் சொல்ற வழிதான் சரி. சிங்கப்பூர், தைவான், இங்கிலாந்து யுனிவர்சிட்டி எல்லாம் யூஇசிய ஏத்துக்குது, ஆனா இங்க உள்ள அரசாங்க யுனிவர்சிட்டிக்கு அத மட்டும் வெச்சு போக பல வருஷமா வழி இல்லாம இருந்துச்சு. அதனால எஸ்பிஎம்மும், அதாவது அரசாங்கம் நடத்தற இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வும், எழுத வெச்சுடு, முக்கியமா மலாயும் வரலாறும், அதுல சோம்பேறித்தனம் பண்ணாத.

கஷ்டமும் இருக்கு. மார்க் பத்தலன்னா அதே வகுப்புல திரும்ப உக்கார வெச்சுடுவாங்க. என் பையன் ரெண்டாவது வருஷத்துல அப்படி மாட்டுவான்னு லெட்டர் வந்துச்சு, ரெண்டே மார்க், நான் ஆபீஸ்ல போய் அழுதேன், ஒண்ணும் நடக்கல, திரும்ப ஒரு தேர்வு எழுதித்தான் தப்பிச்சான். பெத்தவங்க வாட்ஸ்அப் குரூப் முழுக்க சீனத்துலயே ஓடும், மொத வருஷம் ஒரு மெசேஜும் புரியாம தனியா நின்ன மாதிரி இருந்துச்சு, வகுப்புல ஒரு அம்மா, அவங்க பழக்கடை வெச்சிருக்காங்க, தினமும் எனக்காக மலாய்ல திருப்பிப் போட்டு விடுவாங்க. அவங்களாலதான் தாக்குப்பிடிச்சேன். சீனங்களுக்கு மட்டும்னு விதி கிடையாதும்மா, நம்ம புள்ளைங்க, மலாய் புள்ளைங்க கொஞ்ச பேர் எப்பவும் உண்டு, ஆனா கொஞ்சம்தான்.

இப்ப மத்தளம் கதைய சொல்லியே ஆகணும். 24 பருவ மத்தளம்னு ஒண்ணு, 1988ல ஜொகூர்ல உருவானது, மொத குழு ஃபூன் இயூ பள்ளியிலதான். இப்ப நாடு முழுக்க பள்ளிங்கள்ல இருக்கு, வெளிநாட்டுக்கும் போயிடுச்சு. இருபத்தி நாலு பெரிய மத்தளம், ஒவ்வொண்ணுமேலயும் சீன விவசாய நாள்காட்டியோட ஒரு பருவத்தோட பேர தூரிகையால எழுதியிருப்பாங்க. என் பையன் அதுல சேந்தான். மொத மூணு மாசம் மத்தளத்தையே தொட விடல, பழைய டயர் மேல தட்டி, முழங்கால மடக்கி நின்னு நின்னு தொடை வீங்கிப் போயி வருவான், உள்ளங்கையில கொப்புளம், நான் தேங்காண்ணெய் தடவுவேன். அப்புறம் அவனுக்குக் கிடைச்ச மத்தளத்துல "மாங் ஜோங்"னு எழுதியிருந்துச்சு. என்னடா அர்த்தம்னு கேட்டேன். கூர் இருக்கற தானியத்த அறுத்து, அடுத்தத விதைக்கற காலம்மான்னான். எங்கப்பா ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்லி சொல்லி வளத்தவர், வயக்காட்டுக்காரர். அன்னைக்கு ராத்திரி அவருக்கு போன் போட்டு பேரன் கிட்ட கொடுத்தேன், தாத்தா அவன்கிட்ட எந்தப் பட்டத்துல என்ன விதைப்போம்னு முக்கா மணி நேரம் தமிழ்ல சொல்லிட்டு இருந்தார், அவன் நோட்டுல தமிழ்லயே எழுதிக்கிட்டான்.

தமிழ மறந்துடுவானான்னு கேட்டல்ல. பள்ளிக்கூடம் தமிழ் சொல்லித் தராது, அது நம்ம வேலை. இங்க ஐநூறுக்கும் மேல தமிழ்ப் பள்ளி இருக்கு, ஆனா எல்லாம் ஆறாம் வகுப்போட சரி, தமிழ்ல நடக்கற இடைநிலைப் பள்ளி ஒண்ணுகூட கிடையாது, அது எனக்கு இன்னைக்கும் மனசுல ஆறாத வருத்தம். தமிழ்ப் பள்ளியில போடணும்னு உனக்குத் தோணினா அதுவும் நல்ல முடிவுதான், நான் தடுக்க மாட்டேன். நான் என்ன பண்ணேன்னா, வீட்டுல தமிழ் தவிர வேற பேச்சு இல்லன்னு வெச்சேன், ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்பு, எஸ்பிஎம்ல தமிழ் பேப்பரும் எழுத வெச்சேன். சீனப் புள்ளைங்க அவங்க மொழிய எப்படி மதிக்கறாங்கன்னு தினமும் பாத்ததாலயோ என்னவோ, தமிழ் வகுப்புக்குப் போக மாட்டேன்னு அவன் ஒரு நாளும் சொன்னதில்ல. இப்ப தைவான்ல படிக்கறான், எனக்கு மெசேஜ் தமிழ்லதான் வரும்.

ஒரே ஒரு விஷயம் கேக்கறேன். பீஸ் கம்மி, டிசிப்ளின் நல்லாருக்குன்னு மட்டும் பாத்து போடாத, கூப்பன் விக்க வெக்கறாங்களேன்னு அலுத்துக்காத. அவங்க அறுபது வருஷமா வீட்டுத் துக்கக் காசுல காப்பாத்தினதுல நம்ம புள்ளைக்கும் ஒரு நாற்காலி கிடைக்குது.

நீ கிள்ளான்ல எந்தப் பக்கம்னு சொல்லு. எங்க பள்ளி சந்தை ரெண்டு மாசத்துல வருது, பையன கூட்டிட்டு வா, வடை கடை பக்கத்துல நிப்பேன், மத்தளக் குழு பத்து மணிக்கு வாசிப்பாங்க.