மழை மாதங்களை அம்மாவிடம் கேளுங்கள்

கேள்வி: எங்கள் தந்தை தூத்துக்குடி உப்பளத்தில் 36 ஆண்டுகள் கூலிவேலை செய்து எங்கள் மூவரையும் பட்டப்படிப்பு வரை படிக்க வைத்தார். ஆழ்ந்த கத்தோலிக்க விசுவாசி. ஞாயிறு திருப்பலியைத் தவறவிட்டதில்லை. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்களுக்குப் புத்தாடை வாங்காமல் இருந்ததும் இல்லை. சென்ற அக்டோபரில் இறைவனடி சேர்ந்தார். முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலியன்று ஒரு நினைவு மலர் வெளியிட இருக்கிறோம். ‘கடின உழைப்பாளி, பாசமிகு தந்தை, இறைப்பற்றாளர்’ என்பதற்கு மேல் எங்களுக்கு எழுத வரவில்லை. அண்ணன் கவிதை போதும் என்கிறார். தங்கை விவிலிய வசனம் போதும் என்கிறாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அப்பாவின் தகுதிக்கேற்ற மலராக அமைய என்ன எழுதலாம்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: தம்பி, கல்லறைத் திருநாள் நெருங்கும் மாதங்களில் ஆண்டுதோறும் எனக்கு இத்தகைய கடிதங்கள் வருகின்றன. கல்லறைக்குக் கிரானைட் பதிப்பதா, நாளிதழில் அஞ்சலி கொடுப்பதா, மலர் போடுவதா என்பதே பெரும்பாலும் கேள்வி. உங்கள் கடிதத்தின் சுருக்கத்தைத்தான் மேலே தந்திருக்கிறேன். முழுக் கடிதத்தில் ஆர்ட் பேப்பரின் விலைக்கும், படிகளின் எண்ணிக்கைக்கும், ஸ்டுடியோவில் அப்பாவின் படத்துக்குக் கோட்டு அணிவித்ததற்கும் ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அம்மாவுக்கு ஒதுக்கியது ஒரே ஒரு வரி. அந்த வரியைப் பற்றித்தான் நான் பேச வேண்டியிருக்கிறது.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆகவே கேட்கவில்லை என்கிறீர்கள். அவரை எழுதச் சொன்னது யார்? எழுதுவதற்குப் பட்டம் பெற்ற பிள்ளைகள் மூவர் இருக்கிறீர்கள். திருமண நாள் தொட்டு அவர் உடனிருந்து கண்டதையும் சேர்ந்து சுமந்ததையும் அல்லவா நீங்கள் கேட்டிருக்க வேண்டும்? அவரும் சில ஆண்டுகள் அதே அளத்தில் வேலை பார்த்தார் என்று கடிதத்தின் வேறோரிடத்தில் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அப்பா பாத்தியிலிருந்து வாரிக் குவித்த உப்பைத் தலைச்சுமையாகக் கொண்டுபோய் அம்பாரத்தில் கொட்டியவரிடம், அப்பா எப்படி உழைத்தார் என்று கேட்க உங்களுக்குத் தோன்றவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்று சொற்களுக்கு மேல் ஏன் எழுத வரவில்லை என்பதற்கும் காரணம் இதுவே. அளத்து வேலை வெயிலுக்கு முந்திக்கொள்ள வேண்டிய வேலை. பொழுது விடியுமுன் இருட்டிலேயே கிளம்பினால்தான், வெயிலும் வெள்ளை உப்பில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கும் ஒளியும் உச்சத்துக்கு ஏறுமுன் வாரி முடிக்க முடியும். அவர் கிளம்பும்போது நீங்கள் மூவரும் உறங்கிக்கொண்டிருந்தீர்கள்; விழித்திருந்தவர் அம்மா ஒருவர்தான். உப்புநீரில் ஊறி வெடித்த அந்தப் பாதங்களுக்கு இரவில் என்ன தடவினார்கள் என்பதும் அவருக்குத்தான் தெரியும்.

இனி அந்தப் புத்தாடைக்கு வருகிறேன். அதை ஒரு வரியில் பெருமையாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். தூத்துக்குடியில் உப்பு விளைவது கோடையை நம்பி. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கினால் பாத்திகளில் மழைநீர் தேங்கி உற்பத்தி நின்றுவிடும். டிசம்பர் வரை அளத்துக் கூலி வராது. அந்த மாதங்களுக்காகத் தமிழ்நாடு அரசு உப்பளத் தொழிலாளர்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்கத் தொடங்கியதே 2022-இல்தான். உங்கள் சிறுவயதில் அதுவும் கிடையாது. கிறிஸ்துமஸ் வருவதோ, கையில் கூலியே இல்லாத அந்த மூன்று மாதங்களின் கடைசியில். அப்படியானால் மூன்று பிள்ளைகளுக்கும் ஆண்டு தவறாமல் புத்தாடை எந்தப் பணத்தில் வந்தது? கோடையிலேயே எடுத்து வைத்தாரா? முன்பணம் வாங்கி அடுத்த ஆண்டு முழுவதும் உழைத்து அடைத்தாரா? அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனதா? மழைக்காலத்தில் வேறு என்ன வேலைக்குப் போனார்? இத்தனை ஆண்டுகளில் இதைப் பற்றி ஒருமுறையேனும் நீங்கள் யோசித்ததற்கான அடையாளம் உங்கள் கடிதத்தில் இல்லை. உங்கள் அப்பாவின் பாசமும் உழைப்பும் விசுவாசமும் ஒருங்கே இருந்தது அந்த மழை மாதங்களில்தான். அதற்குச் சாட்சி இன்று உயிரோடு இருக்கிறார். அவரை விட்டுவிட்டு நீங்கள் கவிதை தேடுகிறீர்கள்.

நீங்கள் விசுவாசக் குடும்பம் என்பதால் இதையும் சொல்கிறேன். இயேசுவின் வளர்ப்புத் தந்தையும் உழைப்பாளருமான சூசையப்பருக்கென்று மே 1-ஆம் நாளைத் திருநாளாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1955-இல் ஏற்படுத்தினார். அந்தச் சூசையப்பர் பேசியதாக நான்கு நற்செய்தி நூல்களிலும் ஒரு சொல்கூடக் கிடையாது. அவர் செய்தவை மட்டுமே இருக்கின்றன. குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்குக் கிளம்பினார் என்கிறார் மத்தேயு. சூசையப்பரைப் பாசமிகு தந்தை என்று மத்தேயு எழுதவில்லை. நடந்தவற்றையெல்லாம் உள்ளத்தில் இருத்தி வைத்தவர் தாய் மரியா என்று லூக்கா எழுதுகிறார். நாசரேத்து வீட்டில் நினைவைக் காத்தவர் தாய் என்றால், உங்கள் வீட்டில் அது வேறு யாராக இருக்க முடியும்? பத்துக் கட்டளைகளில் நான்காம் கட்டளையும் தந்தையைத் தனியாகவும் தாயைத் தனியாகவும் மதிக்கச் சொல்லவில்லை; இருவரையும் ஒரே வாக்கியத்தில் வைத்துத்தான் சொல்கிறது. இறந்தவருக்கு மலர் போட்டுவிட்டு இருப்பவரை ஓரத்தில் உட்கார வைப்பது, மதிப்பில் பாதியைப் பிடித்துக்கொள்வது ஆகும்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. மூவரும் விடுப்பெடுத்துக்கொண்டு ஊருக்குப் போங்கள், தொலைபேசியில் கேட்காதீர்கள். அப்பா எப்படிப்பட்டவர் என்று பொதுவாகக் கேட்டால், ‘நல்ல மனுசன்’ என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். மழை விழுந்த முதல் வாரம் வீட்டில் என்ன நடக்கும், யாரிடம் கடன் கேட்டார்கள், எந்த வருடத்துக் கிறிஸ்துமஸ் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது, அன்று நள்ளிரவுத் திருப்பலிக்கு அப்பா எந்தச் சட்டையில் வந்தார் என்று கேளுங்கள். அவர் சொல்லும் பேச்சிலேயே எழுதிக்கொள்ளுங்கள்; இலக்கணம் திருத்தாதீர்கள். அண்ணனின் கவிதையும் தங்கையின் வசனமும் கடைசிப் பக்கத்தில் இருக்கட்டும். மலரின் முதல் படியைப் பெற்றுக்கொள்ள ஊர்ப் பெரியவர் ஒருவரை அழைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அதைப் பங்குத்தந்தையின் கையிலிருந்து அம்மா பெற்றுக்கொள்ளச் செய்யுங்கள்.

அச்சுக்குக் கொடுக்குமுன், எழுதியது முழுவதையும் அவர் எதிரில் உட்கார்ந்து உரக்கப் படியுங்கள். எங்கேயாவது அவர் ‘அப்படி இல்லய்யா’ என்று குறுக்கிட்டால், அந்த இடத்தைத் திருத்திவிட்டு மறுபடி படியுங்கள். அப்பா கோட்டு அணியாத படம் ஏதேனும் பெட்டியில் இருக்கிறதா என்றும் அவரிடமே கேளுங்கள்.