ராத்திரி ரெண்டு மணிக்கு போனை எடுப்பார்களா?

ஆஸ்பத்திரி வார்டிலும் வீடுவீடாகவும் நோயாளிகளைப் பார்த்து ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா, வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு 67 வயது, வாயில் புற்று. கடலுக்குப் போனவர், புகையிலைப் பழக்கம் உண்டு. மதுரையில் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள், கீமோவும் கொடுத்தார்கள். போன வாரம் "இனிமேல் வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ரெண்டு வழி சொல்கிறார்கள். மதுரைப் பக்கம் தங்கவைத்துப் பார்க்கிற இல்லம் ஒன்று. ராமநாதபுரத்திலிருந்து வீட்டுக்கே வந்து பார்க்கிறவர்கள் இன்னொன்று. அத்தையோ "சாகப் போடுற எடத்துக்கா என் தம்பிய அனுப்பப் போறே" என்று அழுகிறார். எது நல்லது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, தங்கச்சிமடம்

பதில்: தங்கச்சி, முதலில் அத்தையிடம் கோபப்படாதீர்கள். நம் பக்கம் ஹாஸ்பிஸ் என்று சொன்னால் கைவிட்ட கேஸைக் கொண்டுபோய்ப் போடுகிற இடம் என்றுதான் காதில் விழும். நோயைக் குணமாக்க முடியாத நிலையில் வலி, மூச்சுத்திணறல், புண், தூக்கமின்மை, பயம் எல்லாவற்றையும் அடக்கி, இருக்கிற நாளை நிம்மதியாக இருக்கவைக்கிற வைத்தியம் அது. லண்டனில் 1967-இல் இதற்கென்றே ஓர் இடம் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் முதலில் நர்ஸ், பிறகுதான் டாக்டர். (எங்கள் ஆள் என்று எனக்கு ஒரு பெருமை.) மும்பையில் 1986-இல் சாந்தி அவேதனா என்கிற இல்லம் வந்தது. அத்தைக்குச் சொல்ல ஏற்ற கதை கோழிக்கோடுதான். அங்கே 1993-இல் ஆரம்பித்து, போகப்போக ஊர்க்காரர்களையே பழக்கி, வீடுவீடாகப் போய்ப் பார்க்கிற முறையைக் கொண்டுவந்தார்கள். தம்பியை எங்கேயும் அனுப்பாமலே இந்த வைத்தியம் நடக்கும் என்று தெரிந்தால் அத்தை பாதி அடங்கிவிடுவார்.

சரி, நல்ல இடம் எது? நானே ஒருமுறை ஏமாந்தவள் என்பதால் அதிலிருந்தே சொல்கிறேன். என் அம்மாவை ஓர் இல்லத்தில் சேர்த்தேன், பெயர் வேண்டாம். டைல்ஸ் பளபளவென்று இருந்தது, ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு ஃபேன், வரவேற்பில் இருந்த பிள்ளை அவ்வளவு மரியாதையாகப் பேசியது. பகல் பதினோரு மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திருப்தியாகப் பணத்தைக் கட்டினேன். அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி அம்மாவுக்கு இடுப்பெலும்பில் வலி எடுத்தது. டூட்டியில் இருந்தது ஒரே ஒரு பெண், நர்ஸ் படிப்புகூட இல்லை. "டாக்டர் திங்கக்கிழமதான் வருவாரு, பாராசிட்டமால் இருக்கு, தரட்டுமா?" என்றது. அம்மா சேலைத் தலைப்பைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரர் எழுந்துவிடக் கூடாதே என்று சத்தம் போடாமல் விடியும்வரை கிடந்தார். இத்தனை வருஷம் வார்டில் நின்ற எனக்கே, ராத்திரி யார் இருப்பார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை.

அதனால், இல்லம் என்றால் இருட்டியபிறகு ஒருமுறை சொல்லாமல் போங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் என்றால், கொடுத்த நம்பருக்கு ராத்திரி பத்து மணிக்குமேல் ஒரு போன் போட்டுப் பாருங்கள், தப்பே இல்லை. யார் எடுக்கிறார்கள், எடுத்தவருக்குப் பதில் தெரிகிறதா, "காலையில பேசுங்க" என்கிறார்களா என்று பாருங்கள். ராத்திரி ரெண்டு மணிக்கு வலி வந்தால் என்ன செய்யணும் என்று கேளுங்கள். நல்ல ஆட்களிடம் இதற்குப் பதில் தயாராக இருக்கும். இந்த மருந்தை இந்த அளவு கொடுங்கள், அரைமணி முக்கால்மணி பாருங்கள், குறையாவிட்டால் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள் என்று எழுதியே தந்துவிடுவார்கள்.

அடுத்தது மார்ஃபின், கடும் வலியை அடக்குகிற மருந்து. புற்றுநோய் வலி முற்றும்போது பாராசிட்டமாலில் அடங்காது. 1985-இன் போதைப்பொருள் சட்டத்தால் மார்ஃபின் வைத்திருக்கப் பல துறைகளில் தனித்தனியாக உரிமம் வாங்கவேண்டியிருந்தது, அதற்குப் பயந்தே பல ஆஸ்பத்திரிகள் விட்டுவிட்டன. 2014-இல் சட்டத்தைத் திருத்தி எளிதாக்கினார்கள். இப்போது அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் வைத்துக்கொள்ளலாம். "உங்களிடம் மார்ஃபின் இருக்கா, அங்கீகாரம் இருக்கா, வாரக் கடைசியிலும் கிடைக்குமா?" என்று நேராகவே கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். இருக்கு என்றால் இன்னொரு கேள்வி: "கூடவே மலம் இளக மருந்து தருவீர்களா?" மார்ஃபின் எடுத்தால் அநேகமாக எல்லோருக்கும் மலம் இறுகும், அதனால் விவரம் தெரிந்தவர்கள் ரெண்டையும் ஒரே சீட்டில்தான் எழுதுவார்கள். மலம் இளக மருந்து தராமல் மார்ஃபினை மட்டும் கையில் கொடுத்து அனுப்புகிற இடத்துக்கு இந்த வேலை இன்னும் பழகவில்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு வாயில் புண் என்பதால் உங்களுக்கென்று தனியாக ரெண்டு விஷயம். புண் வாடை. வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், பேரப்பிள்ளைகள் கிட்டே வராமல் வாசலோடு நின்றுகொள்ளும், அது அப்பாவுக்கும் புரியும். மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவுவது ரொம்ப நாளாக இருக்கிற, செலவில்லாத வழி. அதை எப்படி, எவ்வளவு என்று நர்ஸ் காட்டித் தரவேண்டும். நம் ஊரில் கருவாடு காயும் காலத்தில் ஈ எப்படி மொய்க்கும் என்று உங்களுக்குத் தெரியும், பகலிலும் கொசுவலை போடச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். இன்னொன்று சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. கழுத்து, வாய்ப் பக்கம் புண் உள்ளவர்களில் சிலருக்குத் திடீரென்று ரத்தம் அதிகமாக வரலாம். அனுபவமுள்ள நர்ஸ் முதல் ரெண்டு மூன்று வருகைக்குள் உங்களைத் தனியே சமையல்கட்டுப் பக்கம் கூப்பிட்டு, "கட்டிலுக்குக் கீழே ரெண்டு அடர் நிறத் துண்டு போட்டு வைங்கம்மா, வெள்ளை வேண்டாம்" என்பார். அடர் நிறத்தில் ரத்தம் அவ்வளவாகத் தெரியாது, அப்பாவும் மிரளமாட்டார், நீங்களும் மிரளமாட்டீர்கள். இதை எண்ணிப் பார்த்து முன்கூட்டியே சொல்கிறவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

தூரத்தையும் பாருங்கள். ராமநாதபுரத்திலிருந்து உங்கள் வீட்டுக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல், நடுவே பாம்பன் பாலம். வாரத்துக்கு எத்தனை முறை வருவீர்கள், அவசரம் என்றால் எத்தனை நேரத்தில் வருவீர்கள், ஐப்பசி கார்த்திகையில் பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். புயலுக்கு முன்பே ஒரு வாரத்து மருந்தைச் சேர்த்துக் கொடுத்துவிடுவோம் என்றால் நம்பலாம். காற்று மெத்தைக்கும் ஆக்சிஜன் மெஷினுக்கும் கரண்ட் வேண்டும், அதையும் பேசிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ரெண்டு கேள்வி, கேட்க நாக்கு எழும்பாது, ஆனாலும் கேட்கணும். மதுரை இல்லத்தில், "கடைசிவரை இங்கேயே வைத்திருப்பீர்களா, மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஆம்புலன்ஸில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவீர்களா?" வீட்டுக்கு வருகிறவர்களிடம், "வீட்டிலேயே உயிர் பிரிந்தால் இறப்புக் காரணச் சான்று எந்த டாக்டர் தருவார்?" இறப்பை 21 நாளுக்குள் பதியவேண்டும், அந்தத் துக்கத்தில் ஒரு கையெழுத்துக்காக அலையவிட்டுவிடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பா பெயரைப் பதியுங்கள். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து செய்கிற நோய் ஆதரவுச் சிகிச்சையும் (நான் மேலே சொன்ன அதே வைத்தியம்) உண்டு, இலவசம். விவரத்துக்கு 104-க்குப் போன் போட்டுக் கேட்கலாம். தனியாரை வைத்தாலும் இது கூட இருக்கட்டும்.

என்னைக் கேட்டால், ராமநாதபுரத்து ஆட்களின் பதில் சரியாக இருந்தால் வீடுதான். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் அப்பாவை வைத்துவிட்டு அத்தையும் நீங்களும் பஸ்ஸில் அலைவதைவிட, கடல் சத்தம் கேட்கிற திண்ணைப் பக்கமே கட்டிலைப் போடலாம். ஆனால் ராத்திரி கண்விழிக்க வீட்டில் ரெண்டாவது ஆள் இல்லை, வலி அடங்கவே மாட்டேன் என்கிறது என்றால், கொஞ்ச நாள் இல்லத்தில் வைத்து மருந்தைச் சரிசெய்துகொண்டு திரும்பக் கூட்டி வாருங்கள். ஒருமுறை சேர்த்தால் சேர்த்ததுதான் என்று யாரும் சொல்லவில்லை.

கேள்வி: நான் துபாயில். கீழக்கரையில் வாப்பா படுத்த படுக்கையாக இருக்கிறார், ஏஜென்சி மூலம் ஹோம் நர்ஸ் வைத்திருக்கிறோம். மாதாமாதம் பணம் போகிறது. வீடியோ காலில் வாப்பா நன்றாகத்தான் தெரிகிறார். சரியாகப் பார்க்கிறார்களா என்று இங்கிருந்து எப்படி அறிவது?
– வாசகர்

பதில்: வீடியோ காலில் முகத்தை மட்டும் காட்டுவார்கள் தம்பி, தலையைச் சீவி, பவுடர் போட்டு. உங்கள் ராத்தாவோ உம்மாவோ பக்கத்தில் இருக்கும்போது குதிகாலைக் காட்டச் சொல்லுங்கள். பிறகு ஒருக்களிக்கச் செய்து முதுகுத்தண்டின் அடியை ராத்தாவைப் பார்க்கச் சொல்லுங்கள், அதைக் கேமராவில் காட்டவேண்டாம், வாப்பாவுக்குச் சங்கடம். தோல் சிவந்தோ கறுத்தோ இருந்து, விரலால் அழுத்தினாலும் நிறம் மாறாமல் இருந்தால் படுக்கைப் புண் ஆரம்பம். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கவேண்டும், எந்த மணிக்கு எந்தப் பக்கம் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கவேண்டும். அந்த நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முழு நாளும் ஒரே பேனாவில் ஒரே சாய்வில் இருந்தால் மொத்தமாக உட்கார்ந்து எழுதியது.

அப்புறம் வாய். நாக்கு வெள்ளை படிந்து, உதடு வெடித்திருந்தால் நாள் முழுக்க யாரும் வாயைத் துடைத்துவிடவில்லை. மெல்லிய துணியையோ பஞ்சையோ ஜம்ஜம் தண்ணீரிலோ சாதாரணத் தண்ணீரிலோ நனைத்து ஒற்றிவிட ஒரு நிமிஷம்கூட ஆகாது.

ஹோம் நர்ஸ் என்று அனுப்புகிற எல்லோரும் நர்ஸ் கிடையாது. தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சிலின் பதிவு எண்ணைக் கேளுங்கள். இல்லையென்றால் அவர் பராமரிப்பு உதவியாளர், அந்தச் சம்பளம் தந்தால் போதும். நான் பார்த்ததில் பாசமாகக் கவனிக்கிற உதவியாளர்கள் ரொம்பப் பேர், அவர்களைக் குறை சொல்லவில்லை. ஊசி, டியூப், மருந்து மாற்றுவது மட்டும் அவர்கள் கையில் இருக்கக் கூடாது.

கேள்வி: மார்ஃபின் கொடுத்தால் அம்மா அதற்கு அடிமையாகிவிடுவார், சீக்கிரம் போய்விடுவார் என்கிறார் பக்கத்து வீட்டு மெடிக்கல்காரர். உண்மையா?
– வாசகி, தொண்டி

பதில்: வலிக்கு டாக்டர் சொன்ன அளவில், கொஞ்சமாக ஆரம்பித்துப் படிப்படியாகக் கூட்டினால் ரெண்டும் சாதாரணமாக நடக்காது. முதல் சில நாள் குமட்டலும் மயக்கத் தூக்கமும் இருக்கும், பிறகு குறையும். எழுப்பினாலும் எழாமல், மூச்சு ரொம்ப மெதுவாகிவிட்டால் மட்டும் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். மருந்தைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மெடிக்கல்காரர் நல்ல மனிதராக இருக்கலாம், ஆனால் அம்மாவின் வலி அவருக்கு வலிக்காது.

கேள்வி: அம்மாவை வைத்திருக்கிற இல்லத்தில் வீட்டுச் சாப்பாடே கூடாது என்கிறார்கள். அம்மா மீன்குழம்பு, மீன்குழம்பு என்று கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகர், தேவிபட்டினம்

பதில்: ஏன் கூடாது என்று கேளுங்கள். புரையேறுகிறது, விழுங்கமுடியவில்லை என்று காரணம் சொன்னால் அது நியாயம். "எங்க ரூல்ஸ் சார்" என்றால் அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் யோசியுங்கள், கடைசி நாளில் பத்தியம் வைத்து யாரைக் காப்பாற்றப் போகிறார்கள்? விழுங்கமுடியும் என்று நர்ஸ் சொன்னால், காரம் குறைத்து விளைமீனில் வையுங்கள், சதை பஞ்சு மாதிரி இருக்கும், முள்ளை நீங்களே விரலால் தடவிப் பார்த்து எடுங்கள். அம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்து, குழம்பில் பிசைந்த சோறு ஒரு சிட்டிகை. விழுங்கமுடியாவிட்டால் நர்ஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரல் நுனியில் தொட்டு நாக்கில் தடவுங்கள், புளியும் உப்பும் தெரிந்தாலே முகம் மாறும்.