திருப்பி அச்சிட்ட கண்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெக்சிகோவின் புகைப்படக் கலைஞர் மானுவேல் ஆல்வாரெஸ் பிராவோவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவருடைய படத்தொகுப்பு ஒன்றைப் பார்த்தேன். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் படத்தில் பெயர்ப்பலகை எழுத்துகள் இடம்வலமாக மாறியிருக்கின்றன. அச்சுப் பிழையா? அவரை சர்ரியலிஸ்ட், அதாவது கனவையும் அடிமனத்தையும் கலையாக்கும் இயக்கத்தைச் சேர்ந்தவர், என்று சொல்வது சரிதானா?

ச.

அன்புள்ள ச.,

அது அச்சுப் பிழையன்று. 1931இல் எடுத்த அந்தப் படத்தை அவரே நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்டார். ‘பாரபொலா ஆப்டிகா’ என்பது அதன் தலைப்பு. ஸ்பானிய மொழியில் பாரபொலா என்பது கணிதத்தின் பரவளையத்தையும் குறிக்கும், பைபிளின் உவமைக் கதையையும் குறிக்கும். கடை முகப்பெங்கும் இருக்கும் கண்களை நாம் பார்க்கப் போக, அவை நம்மைப் பார்க்கின்றன. பலகையை வாசிக்கத் தடுமாறும்போதுதான் நம் பார்வை எவ்வளவு பழக்கத்தில் ஓடுகிறது என்பது உறைக்கிறது. தலைப்பை விட்டுவிட்டுப் பார்ப்பவர்களுக்கு ஆல்வாரெஸ் பிராவோவில் பாதிதான் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

சர்ரியலிஸ்ட் என்ற முத்திரை, அந்த இயக்கத்தைப் பாரிஸில் தொடங்கிய பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன் 1938இல் மெக்சிகோவுக்கு வந்த பிறகு விழுந்தது. அவர் கண்காட்சிக் கையேடு ஒன்றின் அட்டைக்குப் படம் கேட்டார். ஒரு பெண்ணின் இடுப்பிலும் கால்களிலும் கட்டுத்துணி சுற்றி, மொட்டைமாடியில் வெயிலில் படுக்கவைத்து, அருகே முட்காய்களைப் பரப்பி ஆல்வாரெஸ் பிராவோ எடுத்த அந்தப் படம், நிர்வாணத்தின் காரணமாக அட்டையில் ஏறவில்லை. ‘நற்பெயர் உறங்குகிறது’ என்ற அதன் தலைப்போ பாரிஸ் சரக்கே அல்ல. நல்ல பெயர் எடுத்துவிட்டுப் படுத்துத் தூங்கு என்ற ஸ்பானியப் பழமொழியிலிருந்து வந்தது. கண்ணாடிக் கடைப் படம் பிரெத்தோன் வருவதற்கு ஏழாண்டு மூத்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆகவே அந்த முத்திரையை நான் ஏற்பதில்லை.

1902இல் மெக்சிகோ நகரத்தில் பிறந்து, புரட்சிக் காலத்தில் தெருவில் பிணங்களைப் பார்த்து வளர்ந்து, அரசுக் கருவூலத்தில் எழுத்தராக இருந்தவர் ஆல்வாரெஸ் பிராவோ. மெக்சிகோவில் வேலை பார்த்த இத்தாலியப் புகைப்படக் கலைஞர் தீனா மொதோத்தி 1930இல் நாடு கடத்தப்பட்டபோது, சுவரோவியங்களைப் படமெடுக்கும் அவருடைய வேலை இவர் கைக்கு வந்தது.

1934இல் தென் மெக்சிகோவின் தெஹுவாந்தெபெக்கில் எடுத்த ‘வேலைநிறுத்தத் தொழிலாளி, கொல்லப்பட்டவர்’ என்ற படம் உங்கள் தொகுப்பிலும் இருக்கக்கூடும். இளைஞன் மல்லாந்து கிடக்கிறான். தலையிலிருந்து வழிந்த ரத்தம் மண்ணில் ஓடியிருக்கிறது. இடுப்புவாரின் கொக்கி வெயிலில் மின்னுகிறது. கண்கள் திறந்தே இருக்கின்றன. இந்த நெகட்டிவை அவர் திருப்பிப் போடவில்லை, தலைப்பிலும் சிலேடை வைக்கவில்லை.