அந்த ஸ்டீரியோ அட்டை சிகாகோவா, நியூயார்க்கா?

வாசகர் கேள்வி: பழைய பொருள் கடையில் ஒரே படம் இரண்டாக ஒட்டிய, இரட்டைக் கண்ணாடி வழியே பார்த்தால் ஆழத்தோடு தெரியும் ஸ்டீரியோ அட்டை ஒன்று வாங்கினேன். தெருவுக்கு மேலே இரும்புத் தூண்கள், அதன் மேல் சின்ன நீராவி ரயில், கீழே குதிரை வண்டிகள். பின்னால் பென்சிலில் "சிகாகோ, 1880" என்று எழுதியிருக்கிறது. நம்பலாமா? லேமினேட் செய்து வைக்கலாமா?

ஊர், ஆண்டு இரண்டில் ஒன்று கண்டிப்பாகத் தப்பு. சிகாகோவில் முதல் மேம்பால ரயில் ஓடியதே 1892 ஜூனில்தான். 1880-ல் இப்படித் தெருவிலேயே இரும்புத் தூண் நட்டு அதன் மேல் நீராவி ரயில் விட்ட ஊர் நியூயார்க். இந்த மாதிரி குறிப்புகள் பெரும்பாலும் அட்டை கைமாறும்போது யாரோ ஊகமாக எழுதியவை, அதனால் அதை ஒதுக்கிவிட்டுப் படத்தில் இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யுங்கள்.

முதலில் தூண்கள். எல்லோரும் ரயிலைத்தான் பார்ப்பார்கள், ஆனால் இடத்தைக் காட்டிக்கொடுப்பது தூண்கள் நிற்கும் விதம்தான். நடைபாதை ஓரமாக ஒற்றை வரிசையில் தூண்கள் நின்று, ஒவ்வொன்றின் தலையும் கவட்டை மாதிரி விரிந்து ஒரே ஒரு தண்டவாளப் பாதையைத் தாங்கினால், அது நியூயார்க்கின் கிரீன்விச் தெருவில் சார்லஸ் ஹார்வி தொடங்கிய பாதையாக இருக்க வாய்ப்பு அதிகம். 1868-ல் கம்பிவடம் இழுத்த அந்தப் பாதையில் 1871-ல் நீராவி எஞ்சின் வந்தது. தெருவின் இரு ஓரத்திலும் தனித்தனிப் பாதை, நடுவில் வானம் திறந்து கிடக்கிறது என்றால் மூன்றாம் அவென்யூ பாதையின் பவரி தெருப் பகுதியைத் தேடுங்கள். வண்டிகள் போகும் இடத்திலேயே தூண் நட்டு, குறுக்கு உத்தரம் போட்டு, தெருவையே கூரை போல மூடியிருந்தால் ஆறாம் அவென்யூவாக இருக்கலாம். இந்த இரண்டு பாதைகளும் 1878-ல் திறக்கப்பட்டவை. ஆறாம் அவென்யூ நிலையங்களை வடிவமைத்தவர் ஜாஸ்பர் கிராப்ஸி என்ற இயற்கைக்காட்சி ஓவியர். மலைநாட்டு வீடு மாதிரி கூரையும் இரும்புப் பூவேலையும் ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் எந்தப் படத்திலும் அடையாளம் தெரிந்துவிடும், அவ்வளவு அழகு! சிகாகோவின் முதல் பாதையோ பெரும்பகுதி வீடுகளுக்குப் பின்னால் உள்ள சந்துகளின் மேல் போனது, ஆகவே கடை முகப்புகளுக்குப் பதில் கொல்லைப்புறம் தெரியும்.

அடுத்து எஞ்சின். நீராவி எஞ்சின் இருந்தால் நியூயார்க் படம் பெரும்பாலும் 1903-க்கு முந்தையது, ஏனென்றால் மன்ஹாட்டன் பாதைகள் 1902, 1903-ல் மின்சாரத்துக்கு மாறின. சிகாகோவின் அந்த முதல் பாதை, அதாவது தெற்குப் பாதை, 1898-லேயே மாறிவிட்டது. லிவர்பூலில் 1893-ல் திறந்த மேம்பால ரயில் முதல் நாளிலிருந்தே மின்சாரம்தான், அதனால் உங்கள் படம் அதுவாக இருக்க வாய்ப்பில்லை.

சரி, 1878-க்கும் (கிரீன்விச் பாதை என்றால் 1871-க்கும்) 1903-க்கும் நடுவே எந்த ஆண்டு? கம்பங்களைப் பாருங்கள். பத்துப் பதினைந்து குறுக்குக் கட்டைகளோடு கம்பி நெரியும் தந்திக் கம்பம் நிறைய நின்றால் அநேகமாக 1890-க்கு முன்: 1888 மார்ச் பனிப்புயலில் கம்பிகள் அறுந்து விழுந்து நியூயார்க்கே முடங்கியது, 1889-ல் மேயர் ஹியூ கிராண்ட் கம்பங்களை வெட்டவே ஆரம்பித்தார். அதன் பிறகு அட்டையை 1200 டிபிஐ-ல் ஸ்கேன் செய்து கடைப் பலகைகளைப் பெரிதாக்கிப் படியுங்கள். ஒரு தொப்பிக் கடைக்காரர் பெயர் கிடைத்தால் போதும், நியூயார்க் பொது நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் பழைய நகர டைரக்டரிகளில் அவர் எந்த ஆண்டு எந்த முகவரியில் இருந்தார் என்று தேடலாம். எனக்கு இதுவே மிகவும் பிடித்த வழி, நம்பகமானதும்கூட. அதே நூலகத்தில் ராபர்ட் டென்னிஸ் சேகரித்த ஸ்டீரியோ அட்டைகளும் இருக்கின்றன. உங்கள் அட்டையின் இன்னொரு பிரதியே, தலைப்போடு, அங்கே கிடைக்கலாம்.

அட்டையின் உடம்பும் கொஞ்சம் சொல்லும். தட்டையாக இருந்தால் பெரும்பாலும் பழையது. லேசாக வளைந்திருந்தால் 1880-களுக்குப் பிறகு வந்த வழக்கம். வளைந்ததை நிமிர்த்தப் பார்க்காதீர்கள், படம் வெடித்துவிடும்.

லேமினேட் மட்டும் வேண்டவே வேண்டாம். சூட்டில் படத்தாள் கெடும், ஒட்டிய பிளாஸ்டிக்கை பிறகு எடுக்கவும் முடியாது. ஈரத்துணியும் ஆகாது, மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டிவிட்டு பாலியெஸ்டர் உறையில் போட்டு, வெயிலும் ஈரமும் படாத அலமாரியில் வையுங்கள். பென்சில் குறிப்பை அழிக்காதீர்கள், தப்பாக இருந்தாலும் அது அந்த அட்டையின் வரலாறு. நீங்கள் கண்டுபிடித்ததை தனித்தாளில் தேதியோடு எழுதி உறைக்குப் பக்கத்தில் வைத்தால் போதும்.