பானெட்டைத் திறந்தால் என்ன இருக்கும்? – நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: 1970-ஆம் ஆண்டின் நிஸான் ஸ்கைலைன் 2000 ஜி.டி.-ஆர். காரை 1/24 அளவு பிளாஸ்டிக் மாடலாகக் கட்ட ஆசை. உள்ளே பழைய எஞ்சின் வேண்டாம். பின்னாளில் வந்த ஆர்.பி.26 இரட்டை டர்போ எஞ்சினை வைத்து, பானெட்டைத் திறந்து காட்டும்படி செய்ய வேண்டும். காருக்கு ஒரு கிட் (பாகங்களைச் சேர்த்துக் கட்டும் பெட்டி), எஞ்சினுக்கு இன்னொரு கிட் என இரண்டு வாங்கச் சொல்கிறார்கள். இவ்வளவு செலவு தேவையா? எதை முதலில் வாங்குவது?
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: எஞ்சினை முதலில் வாங்குங்கள். எல்லோரும் இதைத் தலைகீழாகத்தான் செய்கிறோம். பெட்டி மூடியில் இருக்கும் காரின் படத்தைப் பார்த்தவுடன் பணம் கைமாறிவிடுகிறது. எஞ்சின் பிறகு வந்து சேர்கிறது, உள்ளே நுழைய மறுக்கிறது. என் அலமாரியில் அப்படி ஒரு கார், பானெட் மூடவே மூடாமல், வாயைப் பிளந்தபடி இருக்கிறது.

நீங்கள் கேட்கும் காரை ஜப்பானியர்கள் செல்லமாக 'ஹகோசுகா' என்பார்கள். ஹகோ என்றால் பெட்டி. சுகா என்பது ஸ்கைலைனின் சுருக்கம். நான்கு கதவு ஜி.டி.-ஆர். 1969 பிப்ரவரியில் வந்தது, இரண்டு கதவு வண்டி 1970-இல். அதன் எஸ்20 எஞ்சின் 1989 சி.சி.; ஆறு சிலிண்டர்கள் ஒரே வரிசையில், 24 வால்வுகள், மூன்று கார்புரேட்டர்கள், 160 குதிரைத்திறன். ஆர்.பி.26 எஞ்சினும் வரிசை ஆறுதான்: 2568 சி.சி., இரண்டு டர்போ, நிறுவனம் அறிவித்த திறன் 280. அது ஆர்32 ஸ்கைலைனில் வந்த ஆண்டு 1989. முன்னதன் கொள்ளளவும் பின்னதன் ஆண்டும் ஒரே எண்ணாக அமைந்தது தற்செயல்தான். ஆனால் நினைவில் வைத்துக்கொள்ள வசதி.

இரண்டுமே வரிசை ஆறு என்பதால் நீளத்தில் பெரிய தகராறு வராது. அகலத்திலும் அடியிலும்தான் வரும். ஆர்.பி.26-இல் இரண்டு டர்போக்களும் அவற்றின் குழாய்களும் ஒரே பக்கத்தில் அடைந்து கிடக்கும். மறுபக்கம் காற்றுப் பெட்டி. அடியில் இன்னொரு சங்கதி இருக்கிறது. ஆர்32 ஜி.டி.-ஆர். நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் வண்டி. முன்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல், எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் ஆயில் சம்போடு சேர்த்தே பூட்டப்பட்டிருக்கும். ஹகோசுகாவோ பின்சக்கரத்தில் மட்டும் ஓடுவது. அந்தச் சம்பை அப்படியே இறக்கினால் முன் குறுக்குச் சட்டத்தில் போய் உட்காரும், எஞ்சின் தலை தூக்கி நிற்கும். நிஜ வண்டியில் எஞ்சின் மாற்றுகிறவர்கள் பின்சக்கர வண்டிக்கான சம்பைத் தேடிப் பொருத்துகிறார்கள். நமக்கு அரம் போதும். முன்சக்கர அச்சுக்கான புடைப்பை அராவி எடுத்துவிட வேண்டியதுதான்.

மாடலுக்கே உரிய தொல்லை ஒன்றும் உண்டு. பிளாஸ்டிக் பாடியின் கனம் ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/24 கணக்கில் அது நிஜக் காரில் 24 மில்லிமீட்டர் கனமுள்ள தகடு! பானெட்டின் அடியில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று இடம் போய்விடும். அதனால் 'நிஜத்தில் நுழைகிறது, மாடலில் நுழையாதா' என்ற வாதம் செல்லாது. வெர்னியர் காலிப்பரால் எஞ்சினின் அகலத்தையும் உயரத்தையும் அளந்துகொண்டு, கார் கிட்டின் முன்சக்கர வளைவுகளுக்கு இடையே உள்ள தூரத்தை விற்பவரிடம் கேளுங்கள். அளந்து சொல்ல மறுக்கிற கடைக்காரர் விற்ற பிறகு இன்னும் சுருக்கமாகப் பேசுவார்.

இனி, இரண்டு கிட் தேவையா என்ற கேள்வி. எஞ்சினை மட்டும் ரெசினில் வார்த்தோ முப்பரிமாண அச்சில் எடுத்தோ விற்கும் சிறு தயாரிப்பாளர்கள் உண்டு. நுணுக்கம் அபாரமாக இருக்கும். ஆனால் மெல்லிய குழாய்கள் வழியிலேயே ஒடியும். பிளாஸ்டிக்குக்கான பசை ரெசினில் ஒட்டாது, சூப்பர் குளூவோ இரு கலவைப் பசையோ வேண்டும். தேய்க்கும் தூசி நுரையீரலுக்கு ஆகாது என்பதால் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். முதல் முறை கட்டுகிறவருக்கு என் பரிந்துரை, ஆர்.பி.26 எஞ்சின் உள்ள இன்னொரு ஸ்கைலைன் கிட்தான். விலை கூடுதல்தான். ஆனால் எஞ்சினோடு கியர் பாக்ஸ், ரேடியேட்டர், பெரிய பிரேக் தட்டுகள் எல்லாம் ஒரே அளவில் கிடைக்கின்றன. மீதமாகும் பாடி பெயின்ட் அடித்துப் பழக உதவும். அந்தப் பழக்கம் இல்லாமல் நல்ல பாடியில் கைவைக்காதீர்கள்.

'கார் கிட்' என்று போட்டிருந்தால் உள்ளே எஞ்சின் இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பழைய ஜப்பானியக் கிட்கள் பலவும் சிறு மோட்டாரும் பேட்டரியும் வைத்து ஓடும்படி வந்தவை. எஞ்சின் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தட்டைப் பலகைதான் இருக்கும். இன்றும் ஏராளமான கிட்களில் எஞ்சின் கிடையாது, பானெட்டும் பாடியோடு ஒரே வார்ப்பு. ஒரே காரைப் பல நிறுவனங்கள் வெளியிடுகின்றன. ஒரே நிறுவனம்கூட எஞ்சினோடும் இல்லாமலும் தனித்தனிப் பதிப்புகள் போடுவதுண்டு. மூடியில் உள்ள ஓவியத்தை விட்டுவிட்டு, பெட்டியின் பக்கவாட்டில் உள்ள படங்களையும், பாகங்கள் கோத்திருக்கும் சட்டங்களின் புகைப்படத்தையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். சிலிண்டர் பிளாக்கின் இரண்டு பாதிகளும் கண்ணில் பட்டால்தான் எஞ்சின் உண்டு.

அளவும் பாருங்கள். நிஜத்தில் 60 சென்டிமீட்டர் உள்ள பாகம் 1/24-இல் 25 மில்லிமீட்டர், 1/25-இல் 24, 1/20-இல் 30. அமெரிக்கக் கிட்கள் பெரும்பாலும் 1/25. எஞ்சினுக்கு அந்த ஒரு மில்லிமீட்டர் குறைவு நமக்கு லாபமே. 1/20 பக்கம் போகவே வேண்டாம்.

பானெட்டை அறுக்கவும் அராவவும் வெளிநாட்டுக் கருவிப் பெட்டி வாங்கப் போகிறீர்கள் என்றால், கொஞ்சம் பொறுங்கள். கோயில் நகைக்குப் பேர்போன வடசேரி இருக்கும் கன்னியாகுமரி மாவட்டம் இது. பொற்கொல்லர்கள் பயன்படுத்தும் சாமணம், ஊசி அரம், மயிரிழை போன்ற வாள் எல்லாம் அந்த வேலைக்கான கடைகளில் கிடைக்கும். பொன்னுக்கு ஆகும் கருவி பிளாஸ்டிக்குக்கு ஆகாதா என்ன?

கேள்வி: இந்திய விற்பனையாளரிடம் கிட்டின் விலை ஜப்பானில் உள்ளதைவிட மிக அதிகம். நேரடியாக ஜப்பானிலிருந்து தருவித்தால் மிச்சம்தானே? அல்லது சார்ஜாவில் இருக்கும் சித்தப்பாவை 'அன்பளிப்பு' என்று எழுதி அனுப்பச் சொல்லலாமா?
– வாசகி, தக்கலை

பதில்: அன்பளிப்பு வழி அடைபட்டுப் பல வருடமாகிறது. 5,000 ரூபாய் வரை வரியில்லாமல் அன்பளிப்புப் பொருள் வரலாம் என்றிருந்த சலுகை 2019 டிசம்பரில் நீக்கப்பட்டது. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டுமே விலக்கு.

விலை ஏன் ஏறியது என்பதற்கும் காரணம் இருக்கிறது. சுங்க அட்டவணையில் பொம்மைகள் இருக்கும் 9503 என்ற தலைப்பிலேயே சிறிய அளவு மாடல்களும் அடங்குகின்றன. அந்த இனத்துக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்ந்தது. உள்ளூர் பொம்மைத் தொழிலைக் காக்க எடுத்த முடிவு. ஜப்பானின் ஷிசுவோகாவில் வார்க்கப்படும் ஸ்கைலைனும் அதில் சேர்ந்து மாட்டிக்கொண்டது. டமியா, ஹசெகவா, ஃபுஜிமி, அவோஷிமா ஆகிய நான்குமே அந்த ஒரு மாகாணத்து நிறுவனங்கள் என்பது இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்கெல்லாம் தெரியும்.

தனிநபர் பொட்டலத்துக்கு வரிக் கணக்கு வேறு. ஆனால் பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் வரி விழும். பொட்டலத்தைத் தருகிறவர் வரியையும் கையாளும் கட்டணத்தையும் வாசலில் கேட்பார். ஒரே ஒரு கிட் என்றால் மிச்சம் பெரும்பாலும் கரைந்துவிடும். பாகம் ஒன்று குறைந்திருந்தால் வெளிநாட்டு விற்பனையாளரை இங்கிருந்து எப்படிப் பிடிப்பது? சில நூறு ரூபாய் கூடுதலானாலும் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, அதிகபட்ச விலை, தயாரான நாடு ஆகியவை ஒட்டிய பெட்டியை இந்தியாவில் வாங்குவதே எனக்குப் பிடித்த வழி. விவரம் ஒட்டாத பெட்டி மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படுங்கள்.

சித்தப்பா ஊருக்கு வரும்போது பெட்டியில் ஒரு கிட் எடுத்து வரட்டும். பயணிகளின் சாமானுக்கு உள்ள வரம்புக்குள் அடங்கிவிட்டால் பிரச்சினை இல்லை. ஸ்ப்ரே பெயின்ட்டும் தின்னரும் மட்டும் கேட்காதீர்கள். தீப்பற்றும் பொருள் என்று விமான நிலையத்திலேயே பிடுங்கிவிடுவார்கள், அவருக்கும் தலைக்குனிவு.

கேள்வி: இந்திய இணையக் கடை ஒன்றில் 'முழு எஞ்சினுடன்' என்று எழுதியிருந்த பழைய டாட்சன் கிட் வாங்கினேன். உள்ளே எஞ்சினே இல்லை. பெட்டியைத் திறந்துவிட்டதால் திரும்பப் பெற முடியாது என்கிறார்கள். வழக்குப் போட வெளியூர் போக வேண்டுமா?
– வாசகர், குளச்சல்

பதில்: திறக்காமல் உள்ளே இருப்பதைப் பார்க்க நமக்கு ஞானக்கண்ணா இருக்கிறது? விளம்பரப்படுத்திய தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. 'திறந்த பெட்டி' என்ற கடை விதி அதற்கு மேல் நிற்காது.

முதலில் அந்த விளம்பரப் பக்கத்தைத் தேதி தெரியும்படி படம் பிடித்து வையுங்கள். நாளைக்கே வாசகத்தை மாற்றிவிடுவார்கள். பிறகு இணையதளத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது அவர் கடமை. நடக்கவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பல புகார்கள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. அதற்கும் மசியாதவர் என்றால் நாகர்கோவிலில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் இடத்திலேயே புகார் தரலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும். கிட் தொடாமல் இருக்கட்டும். கோபத்தில் ஒரு பாகத்தைக்கூட அது கோத்திருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டிவிடாதீர்கள்.

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. அவனும் இதே மாதிரி கிட் கேட்கிறான். வாங்கலாமா?
– வாசகர், திங்கள்சந்தை

பதில்: இதே மாதிரி வேண்டாம். பசையின் ஆவியும் கூர்மையான கத்தியும் அவன் வயதுக்கு ஆகாது. பசை இல்லாமல் அழுத்திச் சேர்க்கும் எளிய கிட் வாங்குங்கள். 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் பொம்மைகளுக்கு 2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், அதைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: மாடலுக்கான வெளிநாட்டு பெயின்ட் கிடைப்பது சிரமமாக இருக்கிறது. கார் பெயின்ட் கலந்து தரும் கடையில் வாங்கி அடிக்கலாமா? முன்பு ஒரு முறை அடித்தபோது பளபளப்பே வராமல் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்துவிட்டது. கடைக்காரர் மட்டமான சரக்கைத் தந்துவிட்டாரா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: கடைக்காரர் மேல் பழி போடுவதற்கு முன், அடித்த மாதத்தைச் சொல்லுங்கள். ஆடியிலோ ஐப்பசியிலோ அடித்திருந்தால் குற்றவாளி வானம். லேக்கர் பெயின்ட்டின் கரைப்பான் சட்டென ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்ந்துவிடும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது பனித்துளியாகப் படிந்து பூச்சுக்குள் சிக்கிக்கொள்ளும். அந்த வெண்மைதான் நீங்கள் பார்த்தது. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே நனைக்கும் மாவட்டம் நம்முடையது. போதாததற்குக் கடல் காற்று. ரப்பர் ஷீட் காயவில்லையே என்று வானத்தைப் பார்க்கிற ஊர்க்காரர்களுக்கு ஈரத்தைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை மெல்லிசாக அடித்தால் வெளுப்பு பல நேரம் போய்விடும். நல்ல பாடியில் செய்யும் முன் உதிரிப் பாகத்தில் சோதித்துக்கொள்ளுங்கள்.

கார் பெயின்ட் அடிக்கலாம், ஆனால் நேராக அல்ல. அதன் தின்னர் மாடல் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். துணியில் தோய்த்து ஒரு கைரேகையைத் துடைக்கப் போய், கதவின் கோடுகள் அழிந்த பாடி ஒன்று என் வீட்டில் இருக்கிறது. முதலில் மாடலுக்கான பிரைமர் என்ற அடிப்பூச்சு, இரண்டு முறை. நன்றாகக் காய்ந்தபின் பெயின்ட்டை மூடுபனி போல, ஒவ்வொரு பூச்சுக்கும் இடைவெளி விட்டு அடியுங்கள். ஒரே பூச்சில் நிறம் ஏற்ற நினைத்தால் தின்னர் பிரைமரையும் துளைத்துவிடும். கடையில் கலந்து தருகிற மிகக் குறைந்த அளவே ஒரு மாடலுக்குப் பல மடங்கு அதிகம், அதற்கு மேல் வாங்காதீர்கள். கெட்டியாக்கி சேர்க்கும் இரு கலவைப் பெயின்ட் மட்டும் வீட்டில் வேண்டாம். அதன் புகைக்கு வெறும் துணி முகக்கவசம் போதாது.

கண்ணாடிப் பாகங்கள் பக்கம் சூப்பர் குளூவைக் கொண்டுபோகாதீர்கள். அதன் ஆவி படிந்து ஜன்னல் மங்கிவிடும். ஒட்டுப்படத் தாள்களைப் பெட்டியிலிருந்து எடுத்து, சிலிக்கா பையோடு மூடிய டப்பாவில் போடுங்கள். இல்லையென்றால் ஒரு மழைக்காலத்திலேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

பாடிக்கு தை பிறக்கட்டும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை, வெயில் ஏறிய பகல் பதினொரு மணிக்கு மேல் அடியுங்கள். எஞ்சினுக்கு அவ்வளவு பளபளப்பு தேவையில்லை. அதைத் தூரிகையால் இந்த மழையிலேயே தொடங்கலாம்.